வீட்டுப்பேர் என்றொரு கட்டாயக் கட்டம்

1

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு புலம்பெயர்ந்தவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். "வள்ளியூர்ல பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டா வந்துரும். அது என்ன பெரிய பரதேசம்?" என்று என் பெரியம்மா மகன் கேட்பான். அவன் துபாயில் இருக்கிறான். அவன் அறையில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் திருநெல்வேலிப் பக்கம். காலையில் எழுந்து படுக்கிற வரைக்கும் தமிழைத் தவிர ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. நானோ ரேஷன் கடையில், மகள் பள்ளிக்கூடத்தில், கரண்ட் ஆபீசில், அலுவலகத்தில் என்று நாள் முழுக்க இன்னொரு மொழியில் மூச்சுப் பிடித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறவள். இதில் யார் பரதேசி என்று நீங்களே சொல்லுங்கள்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். கழக்கூட்டத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் இணைய விண்ணப்பங்கள் செய்துகொடுக்கிறோம். பெயர், பிறந்த தேதி, விலாசம் என்று கட்டம் கட்டமாக வருமே, அந்தக் கட்டங்களை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. அலுவலகத்தில் தமிழ் பேசுகிற ஆள் நான் மட்டும்தான். அதனால் உதவி எண்ணுக்கு யாராவது தமிழில் கூப்பிட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நான் எடுக்க வேண்டும். இப்படி ஒரு உத்தரவு எந்தக் காகிதத்திலும் கிடையாது. "செல்வி சேச்சி, தமிழ்" என்று போனை நீட்டுவார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணி ஆனதும் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

"மேடம், தமிழ் பேசுவீங்களா?"

"பேசுவேன், சொல்லுங்க."

"தெய்வமே. எம்பேரு தங்கம். போனக்காடு எஸ்டேட்டு. எம்மவ அனுஷாவுக்கு நர்சிங்குக்குப் போட வந்திருக்கோம். மலையில சிக்னல் கிடையாது, அதனால விதுராவுக்கு இறங்கி வந்து கம்ப்யூட்டர் கடையில நிக்கோம். எல்லாம் அடிச்சாச்சு. வீட்டுப்பேரு கேக்குது. அது இல்லாம அப்புறத்துக்கு விட மாட்டேங்குது."

"உங்க வீட்டுப்பேரு என்ன?" என்று கேட்டேன். எத்தனை சகஜமாக வந்தது என் வாயில்.

"லயத்துல இருக்கோம் மேடம். லயத்துக்கு ஏது வீட்டுப்பேரு? நம்பருதான்."

தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புக்குத்தான் லயம் என்று பெயர். வீட்டுப்பேர் என்பது வேறு சமாசாரம். நமக்கு இனிஷியல் எப்படியோ இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி. வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். பள்ளிக்கூடம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை ஆளோடு கூடவே வரும். கடிதம் அந்தப் பெயருக்குத்தான் வரும். உனக்கு வீட்டுப்பேர் என்ன என்று கேட்டு, நீங்கள் திருதிருவென்று விழித்தால், இவள் வரத்தி, வெளியிலிருந்து வந்தவள் என்று அந்த நிமிஷமே தெரிந்துபோகும்.

"சாதி சர்ட்டிபிக்கேட்டுல அந்த இடம் காலியா இருக்கு மேடம்," என்றாள் தங்கம். "நீங்களே செவப்பு எழுத்துல போட்டிருக்கீங்க, சர்ட்டிபிக்கேட்டுல உள்ளபடி இல்லன்னா தள்ளிருவோம்னு. கடைக்காரரு எதையாவது அடிக்கட்டுமான்னு கேக்காரு. நான் வேண்டாம்னுட்டேன். இல்லாதத எழுத மாட்டேன்."

"நீங்க அங்கேயே இருங்க. நான் என்னன்னு பாக்கேன்."

"அஞ்சு மணிக்குள்ள ஆயிருமா? எங்களுக்குக் கடைசி பஸ்ஸு அதுக்கு முன்னாடியே போயிரும். பஸ்ஸு போனாப் போவட்டும். இந்தப் பிள்ளைக்கு இது போகக்கூடாது மேடம். இத விட்டா அவளும் கொழுந்து கிள்ளத்தான் போவணும்."

டப்பாவை மூடி வைத்தேன்.

2

எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்த விண்ணப்பத்தை அமைத்தது நான். வீட்டுப்பேர் கட்டாயம் இல்லை என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். தமிழ்க்காரி அல்லவா, வீட்டுப்பேர் இல்லாதவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? பிறகு எப்படி அந்தப் பக்கம் கட்டாயம் என்று அடம்பிடிக்கிறது? திறந்து பார்த்தேன். என் வரி அப்படியே இருந்தது. ஆனால் இணையப் பக்கத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பொத்தானை அழுத்தினால் சிவப்பில் வந்தது: வீட்டுப்பேர் நிர்பந்தம். கட்டாயத்துக்கு இங்கே அதுதான் சொல். தமிழ்க் காதுக்கு அது கழுத்தில் கை வைக்கிற மாதிரி இருக்கிறது.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். விண்ணப்பத்தில் வருகிற கட்டத்தை நாங்கள் ஃபீல்ட் என்போம். சாதாரணக் கட்டங்கள் தயாராகவே கிடைக்கும். நமக்கென்று விசேஷமாக ஒன்று வேண்டுமானால், தயாராக இருப்பதற்கு மேலே நாமே ஒரு கிளாஸ், அதாவது கட்டம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிற குறிப்பு, எழுதிக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தைப் பக்கத்தில் வைக்கும்போது சில விவரங்களைப் பெயர் சொல்லி அனுப்புவோம்: எத்தனை எழுத்து வரை, கட்டாயமா இல்லையா, மேலே என்ன தலைப்பு. இப்படிப் பெயரோடு அனுப்புவதுதான் கீவேர்ட் ஆர்க்யுமென்ட். நம் கிளாஸ் நடுவில் நிற்கிற ஆள். தனக்கு என்று வந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை, ஏற்கெனவே தயாராக இருக்கிற தாய் கிளாஸிடம் பத்திரமாகச் சேர்த்துவிட வேண்டும்.

ஊருக்குப் போகிறவரிடம் நாம் பை கொடுத்தனுப்புவோமே, அதுதான் கணக்கு. "மேல இருக்கற சிப்ஸ் உனக்கு, மிச்சத்தை அம்மாகிட்ட குடுத்துரு" என்போம். யோக்கியன் சிப்ஸை எடுத்துக்கொண்டு பையைக் கொண்டு சேர்ப்பான். சிலர் பையை மறந்து பஸ்ஸில் விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் பையைப் பிரித்து, நாம் வைத்ததை எடுத்துவிட்டு, அம்மாவுக்கு எது நல்லது என்று தாங்களே முடிவு செய்து வேறொன்றை வைத்துக் கொடுப்பார்கள். அம்மாவும் நாம் அனுப்பியது என்றே வாங்கிக்கொள்வாள். எங்கள் வீட்டுப்பேர் கிளாஸ் இந்தக் கடைசி ரகம். நான் கட்டாயம் இல்லை என்று அனுப்பியதை வாங்கி, அதன்மேல் கட்டாயம் என்று எழுதித் தாய் கிளாஸுக்கு அனுப்பியிருந்தது. தப்பு என்று எங்கேயும் ஒரு எச்சரிக்கை கிடையாது. சத்தம் காட்டாமல் செய்கிற அநியாயம் இது.

எழுதியவன் அனூப். நெடுமங்காட்டுப் பையன், கெட்டிக்காரன், வாயில் பொய் வராது. பின்னால் போய் நின்று திரையைக் காட்டினேன்.

"இது கழிஞ்ஞ வர்ஷத்தெ ப்ராஜெக்ட்ல நின்னு எடுத்ததா சேச்சி," என்றான். போன வருஷ விண்ணப்பத்திலிருந்து அப்படியே தூக்கி வைத்ததாம். "எல்லாருக்கும் வேணமல்லோன்னு விசாரிச்சு நான் உள்ளிலேயே இட்டதா." எல்லாருக்கும் வேண்டும்தானே என்று நினைத்து, கட்டாயத்தைக் கிளாஸுக்கு உள்ளேயே போட்டுவிட்டானாம்.

"ஏம்ப்பா, நான் வேண்டாம்னு அனுப்பினதுக்கு மேல நீ ஏன் எழுதினே?"

"வீட்டுப்பேர் இல்லாத்தவர் உண்டோ?" என்று கேட்டான். கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"இருக்காங்க. உன் பின்னாடியே ஒருத்தி நிக்கா."

"சேச்சிக்கு உண்டல்லோ. சரோவரம்."

 

3

சரோவரம் எங்கள் வீடு இல்லை. நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த மாடியின் சொந்தக்காரர் வீட்டுக்கு அவர் வைத்த பெயர். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "வீட்டுப்பேர்?" என்று கேட்டார். என் கணவர் இல்லை என்றார். மேசைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. கணவர் என்னைப் பார்த்தார். நான் கேட்டில் தினமும் படிக்கிற பலகையைச் சொன்னேன். வேலை முடிந்தது. அந்த வீட்டைக் காலி செய்து, அப்புறம் இரண்டு வீடு மாறி, இப்போது பேரூர்க்கடையில் இருக்கிறோம். வாடகை ஒப்பந்தம் முடிந்தாலும் பெயர் எங்களை விடவில்லை. ரேஷன் கார்டில் சரோவரம், கேஸ் இணைப்பில் சரோவரம். விண்ணப்பங்களைச் சோதிக்க உட்காரும்போது நானும் கை போகிற போக்கில் அதைத்தான் அடித்திருக்கிறேன். ஒருமுறைகூட அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அனூப்புக்கு வீட்டுப்பேர் இருக்கிறது, அதனால் தெரியவில்லை. எனக்கு இல்லாததே மறந்துபோயிருந்தது.

மகள் இப்போது பிளஸ் டூ. தன் பெயருக்குப் பின்னால் சரோவரம் என்று அழகாகக் கையெழுத்துப் போடுகிறாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மே, சரோவரம் நம்மட தறவாடு திருநெல்வேலியில எவிடெயா?" தறவாடு என்றால் பூர்வீக வீடு, அது திருநெல்வேலியில் எங்கே என்கிறாள். சரோவரம் என்றால் தாமரைக் குளம். என் மகள் அப்படியொரு பூர்வீக வீட்டை மனசில் கட்டி, அதில் குளமும் வெட்டி, தாமரையும் விட்டு வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னேன். "அப்போ நமக்கு ஒந்நும் இல்லே?" என்று கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் பரீட்சைத் தாளில் பழையபடியே எழுதியிருந்தாள். நான் என்னத்தைச் சொல்ல. இல்லை என்று எழுத இந்த ஊரில் அவளுக்கு இடம் எங்கே இருந்தது?

அன்றைக்கு இதையெல்லாம் நினைக்க நேரம் இல்லை. 

4

சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. மேலே கட்டாயம் என்று எழுதுகிற வரியை எடுத்துவிட்டு, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் மட்டும் கட்டாயம் என்று வைத்துக்கொள் என்று மாற்ற வேண்டும். யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னதே செல்லும். நினைத்தால் ஒரு தும்மல் நேரத்தில் முடிகிற வேலை. ஆனால் கடைசி நாளில் ஓடிக்கொண்டிருக்கிற விண்ணப்பத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்துச் சட்டம். அந்தச் சட்டத்துக்குக் காவல் எங்கள் டீம் லீட் ஹரிகுமார் சார்.

"இன்னு தொடான் பற்றில்ல, செல்வி," என்றார். "ஆயிரக்கணக்கினு ஆள்கள் கேறி நிக்குன்ன சமயமா." ஆட்கள் ஏறி நிற்கிற நேரத்தில் தொட முடியாது என்கிறார். அது நியாயம்தான். ஒரு வரி மாற்றப் போய்ப் பக்கம் மொத்தமும் படுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"சார், ஒரு குட்டியுடெ ஜீவிதமாணு," என்று மலையாளத்தில்தான் ஆரம்பித்தேன். ஒரு பிள்ளையின் வாழ்க்கை என்றேன்.

"அவரோடு எந்தெங்கிலும் எழுதாம்பற. நில் என்னெழுதட்டே." எதையாவது எழுதச் சொல், இல்லை என்பதற்கு இங்கிலீஷில் நில் என்று போடட்டும் என்கிறார். ஒரு கோடு போட்டுவிட்டால்கூட ஆகாதா என்றார். கோட்டை அந்த கிளாஸ் ஏற்காது, குறைந்தது மூன்று எழுத்து கேட்கும், அனூப் அதற்கும் காவல் வைத்திருந்தான்.

"சர்ட்டிபிக்கேட்டுல உள்ளபடி வேணும்னு நாமதானே சார் செவப்புல போட்டிருக்கோம்?" எனக்குச் சூடு ஏறினால் மலையாளம் கழன்று விழுந்துவிடும், தமிழ்தான் வரும். "இருக்கறத எழுதுன்னும் நாமளே சொல்லுவோம், இல்லாததையும் எழுதித்தான் ஆகணும்னும் நாமளே சொல்லுவோமா? அந்தம்மா எந்த வாயால பதில் சொல்லுவா?"

"ஒரு கேஸல்லே உள்ளு?" ஒரே ஒரு ஆள்தானே என்கிறார்.

"போன் பண்ணினது ஒரு ஆள். நில்லுன்னு அடிச்சிட்டுப் போனவங்க எத்தன பேருன்னு நமக்குத் தெரியுமா சார்?"

அவர் துறையில் பொறுப்பான அதிகாரிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். கடைசி நாள் அன்று அந்த நம்பரை யார் எடுப்பார்கள்? கடிகாரம் நாலைத் தாண்டிவிட்டது. விதுராவிலிருந்து மறுபடியும் தங்கம். "மேடம், கடைக்காரரு வேற ஆளுக்கு சீட்டு வேணுங்காரு. நாங்க எந்திரிக்கவா?" எழுந்திருக்க வேண்டாம் என்றேன். போனைக் கடைக்காரரிடம் கொடுக்கச் சொல்லி, அவரிடம் மலையாளத்தில் கெஞ்சினேன். வைத்துவிட்டுத் திரும்பினால் ஹரிகுமார் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செய்தோளூ," என்றார் கடைசியில். செய்துகொள். "ப்ரஷ்னம் வந்நா ஞான் அறிஞ்ஞிட்டில்ல." பிரச்சினை வந்தால் எனக்குத் தெரியாது. நல்ல மனுஷர்கள் இந்த அளவுக்குத்தான் நல்லவர்களாக இருப்பார்கள், நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

நானும் அனூப்பும் உட்கார்ந்தோம். அந்த கிளாஸை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று அவன் தேடினான். வேறு இடங்களில் யாரும் கட்டாயம் இல்லை என்று சொல்லி அனுப்பவில்லை. அவை பழையபடியே நிற்கும். நான் வரியை மாற்றினேன். சோதனைப் பக்கத்தில் கட்டத்தைக் காலியாக விட்டு அழுத்தினேன். பக்கம் நகர்ந்தது. அடுத்த பக்கத்தில் மறுபடியும் அதே சிவப்பு வரி வந்து நின்றது.

 அனூப் தான் எழுதிய இன்னொரு கோப்பைத் திறந்தான். விண்ணப்பத்தில் காட்டுகிற கட்டம் ஒன்று, அதில் விழுந்ததைச் சேமித்து வைக்கிற கட்டம் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி கிளாஸ். இரண்டையும் அவன் ஒரே யோசனையில் எழுதியிருக்கிறான். முதல் வாசலில் விட்டவளை இரண்டாம் வாசலில் பிடித்து நிறுத்தியாயிற்று.

"மாறிக்கோ சேச்சி," என்று என்னை நகரச் சொல்லிவிட்டுக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சேமிக்கிற கிளாஸில் காலியாக விடக்கூடாது என்று அவன் திணித்த வரியை அவனே எடுத்தான். மறுபடி சோதித்தோம். இந்த முறை உள்ளே விட்டது. பெயர் மட்டும் இருந்து வீட்டுப்பேர் இல்லாத ஒரு ரசீது திரையில் வந்தது. அதைத் தூக்கி நிஜப் பக்கத்தில் ஏற்றினேன். பக்கம் ஒரு நிமிஷம் வெள்ளையாக நின்றது. ஹரிகுமார் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சுடலைமாடா, என் மானத்தைக் காப்பாற்று என்று மனசுக்குள் சொன்னேன். பக்கம் வந்தது.

5

"இப்ப அந்த இடத்தைச் சும்மா விட்டுட்டு அமுக்கச் சொல்லுங்க," என்றேன் போனில். ஐந்து மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டது. கடைக்காரர் ஏதோ சொன்னார். பிறகு அந்தப் பெண் அனுஷாவின் குரல், "அம்மே, கேறி, கேறி," என்று. உள்ளே போய்விட்டது என்கிறாள். அவளும் என் மகள் மாதிரியே அம்மாவிடம் மலையாளத்தில்தான் பேசுகிறாள். நான் திரையில் பார்த்தேன். அவள் விண்ணப்பம் வந்து விழுந்திருந்தது. வீட்டுப்பேர் இடம் காலி.

"நம்பரு வந்திருச்சு மேடம்," என்றாள் தங்கம். "நீங்க நல்லா இருக்கணும்."

"பஸ் போயிருக்குமே. எப்படிப் போவீங்க?"

"ஜீப்பு எதாவது வரும் மேடம். மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"போன வருசம் மூத்தவளுக்கும் இதுக்குத்தான் போட்டோம். ரேவதின்னு. இதே கடைதான். இதே இடத்துல வந்து நின்னுச்சு. கடைக்காரரு நில்லுன்னு இங்கிலீசுல மூணு எழுத்து அடிச்சுக் குடுத்தாரு. பேரு லிஸ்ட்டுல வந்துச்சு மேடம். எஸ்டேட்டு பூராவும் மிட்டாய் குடுத்தோம். சர்ட்டிபிக்கேட்டு பாக்கக் கூப்பிட்டாங்க. அந்த மூணு எழுத்து சர்ட்டிபிக்கேட்டுல எங்கேன்னு கேட்டாங்க. இல்லன்னோம். திருப்பி விட்டுட்டாங்க. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இப்பத்தான் சும்மா விட்டாப் போகுதுல்ல மேடம். அவ போட்டோ, மார்க்சீட்டு எல்லாம் பையில எடுத்துட்டு வந்திருக்கேன். அடிக்கச் சொல்லவா? இன்னும் அஞ்சாகலையே."

இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தவர்கள் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். தேர்ச்சி பெற்ற ஆண்டைச் சரிபார்க்கிற கட்டத்துக்கும் தனியாக ஒரு கிளாஸ் உண்டு. அதை எழுதியது நான். ஒவ்வொரு விவரத்தையும் ஒழுங்காக வாங்கி, ஒழுங்காகத் தாய் கிளாஸிடம் சேர்க்கும். அதில் ஒரு பிழையும் கிடையாது.

"அது அவளை உள்ள விடாதும்மா," என்றேன்.